நாற்பது கொண்டைக்கடலை

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அமீரகத்து அல் ஐனில் என் மகன் வைத்த ஓட்டலை மட்டும்தான் கெடுத்தேன்.

செல்வம் ஒரே கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசர். நல்ல இடம் அமைந்தால் வேலையை விட்டுவிட்டு ஓட்டல் வைப்பதாக இருந்தான். பட்டறைகள் நிறைந்த பகுதியில் இரண்டு கடைகள் காலியாக இருந்தன. ஒன்று பெரிய ரோட்டில், மற்றது பின்சந்தில். அவனுக்கும் மருமகள் கோமதிக்கும் இருட்டும்வரை டூட்டி. வீட்டில் சும்மா இருந்தது நான்தான்.

"அம்மா, ரெண்டு இடத்துலயும் உக்காந்து ஆள் நடமாட்டத்தைப் பாரு. ஒரு வாரம் போதும்."

"அத்தையையா அனுப்புறீங்க? லிஃப்டுல யாராச்சும் இருந்தா ஏறாம அடுத்த லிஃப்டுக்கு நிக்கிறவங்க" என்றாள் கோமதி.

"பாக்குறதுக்கு வாய் எதுக்குடி?" (எங்கள் வீட்டில் அறிவாளி என்று பெயர் எடுத்தவன் அவன்.)

ஐந்தாம் வகுப்புக் கணக்கு எனக்குப் போதும். பத்துப் பேருக்கு ஒரு கொண்டைக்கடலையை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவேன். பின்சந்தில் மூன்று கடலைதான் தேறியது. சலூன் வாசலில் ஸ்டூல் போட்டு அரட்டை அடிக்கும் ஆட்கள். வெட்டிக் கூட்டம் என்று தள்ளிவிட்டேன். பெரிய ரோட்டிலோ ஐந்தரைக்குத் திபுதிபுவென்று வந்து கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் களைத்த முகங்கள், கையில் காலி டிபன். நாற்பது கடலை! பூட்டிய கடைக்கே இத்தனை பேர் என்றால், திறந்தால் நிற்க இடம் இருக்காது என்று முடிவு கட்டினேன். (மூளை என்றால் அப்படி ஒரு மூளை.)

எதற்கப்பா நிற்கிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டிருக்கலாம். வேற்று ஆம்பிளையிடம் நானாவது பேசுவதாவது. கூட்டம் சேர்ந்ததும் கூச்சம் பிடுங்க, முந்தானையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவேன். தினமும் அப்படித்தான்.

செல்வமாவது ஒரு சாயங்காலம் வந்து பார்த்தானா? வாஸ்துக்காரருக்கு வீடியோ காலில் மூலை மூலையாகக் காட்டினான். கடலையை எண்ணிப் பார்த்து ராஜினாமா எழுதினான்.

திறப்பு விழா அன்று அந்தக் கடலையையும் சேர்த்துத்தான் சுண்டல். சரியாக ஐந்தரைக்குக் கூட்டம் வந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. நானூறு முதுகு. ஒன்றாவது திரும்பவேண்டுமே.

கல்லாவில் செல்வத்தின் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, வெளியே போய் ஒரு ஆளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, விடுங்கம்மா. கம்பெனி பஸ் வந்துரும்."

"பஸ்ஸு எங்கப்பா ஓடிப்போவுது? ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ."

"கேம்ப்ல மெஸ் சாப்பாடு இருக்கும்மா."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

உட்கார வைத்தேன். இரண்டாவது இட்லியில் அவர் கை வைக்கும்போது வெளியே ஹாரன், "யல்லா யல்லா" என்று அவசரப்படுத்தும் டிரைவர்களின் சத்தம். வரிசையாக வந்த பஸ்கள் ரோட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. அவர் சாம்பார்க் கையோடு வாசலில் நின்று, "போச்சு" என்றார்.

பன்னிரண்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் ஆள் ஏற்றி இறக்கியவன் செல்வம். அவனுக்கே அப்போதுதான் விளங்கியது. திறந்த அன்றே ஷட்டரை இறக்கி, ஒரே வாடிக்கையாளரைக் காரில் ஏற்றி, பாலைவனத்துக்கு நடுவே இருந்த தொழிலாளர் கேம்பில் கொண்டுபோய் விட்டான். நானும் பின்சீட்டில் இருந்தேன்.

"இட்லி நல்லாத்தான் இருந்துச்சும்மா. இடந்தான்..." என்று இழுத்தார் அவர்.

நாலே மாதத்தில் கடையை மூடினோம். செல்வம் பழைய கம்பெனிக்கே போனான், தனக்குக் கீழே இருந்தவனுக்குக் கீழே. பின்சந்துக் கடையில் ஒரு மலையாளி டீக்கடை போட்டார். அந்த வெட்டிக் கூட்டம் ஸ்டூலோடு அங்கே குடியேறிவிட்டது. செல்வம் டீ குடிப்பதும் அங்கேதான்.

அதிலிருந்து எங்கே கூட்டத்தைப் பார்த்தாலும் வீட்டில் ஒரே கேள்வி. போன மாதம் ஊருக்குப் போக ஏர்போர்ட் வரிசையில் நின்றபோதும் செல்வம் விடவில்லை.

"அம்மா, முகமா, முதுகா?"

"எல்லாம் முதுகுதான், போடா" என்றேன், என்னையும் மீறிச் சத்தமாக.

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கடலை தேறும்.