மூன்று காய்

நாற்பது புத்தகங்களும் நனைந்துவிட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரை ஒழுகியதை யாரும் கவனிக்கவில்லை.

அமுதவள்ளி அவற்றைக் கொடியில் போட்டாள். மூடுபனி இறங்கியது. இன்னும் ஈரமாயின.

"அடுப்போரம் வையி," என்றாள் லயத்து ஒச்சம்மாள். வைத்தாள். ஓர் அட்டை கருகியது.

"ஸ்டோர்ல போடுவமா? பச்சைக் காயே அங்க சருகாக் காயுது. தாளு காயாதா?" என்றாள் ஒச்சம்மாள் மறுபடி.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், காலித் தட்டுகளில் பரப்பினார்கள். நன்றாகக் காய்ந்தன. மதியம் சூப்பர்வைசர் மகாராஜன் உள்ளே வந்தார்.

"காய் போடுற தட்டுல என்னது இது?"

"புத்தகம் சார்," என்றாள் அமுதவள்ளி.

"அது தெரியுது. சனிக்கிழமையானா ஒரு பிள்ளை ஆத்தாகூட காய் எடுக்க வர்றதில்ல. எல்லாம் இதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"பிள்ளைக காய் எடுக்கக் கூடாது. சட்டம்."

"இந்த மலைக்கு ஜீப்புதான் வரும். சட்டம் வராது. சாயந்தரம் இது பூராம் போடிக்கு இறங்கணும்."

"நான் இறங்குறேன். புத்தகம் இங்கதான் இருக்கும்."

"புத்தகம் இறங்கும். இனி நீ ஏறவே வேணாம்."

அமுதவள்ளி போடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்பவள். சனிக்கிழமைதோறும் காய் எடுக்கும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி வருவாள்; பிள்ளைகள் படிக்க லயத்தில் புத்தகம் வைத்து, படித்து முடித்ததை மூட்டையில் எடுத்துப் போவாள். பத்து வயது வரை அவளும் இதே மலையில் காய் எடுத்தவள்தான்.

மாலையில் கேட்டருகே ஜீப் நின்றது. கீழே போகும் எல்லோரையும் காவல்காரர் கன்னையன் சோதிப்பார். ஒரு காய் வெளியே போகக் கூடாது. தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். அமுதவள்ளியின் மூட்டையை மட்டும் அவர் இதுவரை தொட்டதில்லை. "போ தாயி" என்பார்.

இன்று கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு மோந்து பார்த்தார்.

"காய் மணக்குது சார்."

ஜீப்பருகே நின்ற மகாராஜன் திரும்பினார்.

"ஸ்டோர்ல காஞ்சது மணக்காம என்ன செய்யும்?" என்றாள் அமுதவள்ளி. "நீங்களுமா மாமா?"

"மணக்குது. சொன்னேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க!" மேலே இருந்த புத்தகத்தை எடுத்துத் தலைகீழாக உதறினாள்.

மூன்று ஏலக்காய்கள் விழுந்தன.

ஜீப்பில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்படிப் போடு! வருசம் பூரா இப்படித்தான் கடத்துனியா?" என்றார் மகாராஜன்.

"நான் வைக்கல."

"காய்க்குக் காலு முளைச்சு ஏறுச்சாக்கும்? கன்னையா, ஒரு புத்தகம் கேட்டைத் தாண்டக் கூடாது. முதலாளி வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் உன் ஷெட்டுல வையி. தாள் தாளாப் புரட்டிப் பாரு. இன்னும் எதுல என்ன இருக்கோ!"

"எனக்குக் கண்ணு மங்கல் சார்."

"யாரையாச்சும் வச்சுப் பாரு!"

"அடுத்த சனிக்கிழமை வருவேன்," என்றாள் அமுதவள்ளி. "முதலாளிகிட்ட நானே பேசிக்கிறேன். திருடின்னு பேர் வாங்கிட்டு ஒதுங்குற ஆளில்ல நான்."

"வா, வா. நீ வந்துதான் ஆகணும்."

சண்டைக்குத் தயாராக அடுத்த சனிக்கிழமை, முதல் ஜீப்பிலேயே வந்தாள். முதலாளி வந்திருக்கவில்லை. காவல் ஷெட்டு வாசலில் லயத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தன. நடுவில் மகாராஜன்.

"ஏய், வெரசாப் புரட்டாத!" என்று ஒரு சிறுமியை அதட்டினார். "ஒவ்வொரு தாளா, மேல இருந்து கீழ வரைக்கும் பாரு!"

"சரி சார்," என்று அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

அமுதவள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள். மகாராஜன் போனதும் கன்னையனிடம் வந்தாள்.

"சிரிப்பா வருது மாமா. ஆனா என்னைத் திருடியாக்கிட்டீங்களே. இதுவும் எத்தனை நாளைக்கு? இதுக படிக்கிற வேகத்துக்கு ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும். அப்புறம் சூப்பர்வைசர் புத்தகத்த ஜீப்புல ஏத்திருவாரு."

கன்னையன் ஷெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சட்டைப்பையைத் தட்டினார்.

"முடியப் போறப்ப முன்கூட்டியே சொல்லு தாயி. அன்னைக்கு மூட்டைக்குள்ள போட்டது போக, இன்னும் ரெண்டு காய் எங்கிட்ட இருக்கு."