இருநூறு தடவை விரி

கையுறையின் மணிக்கட்டில் இருந்த சின்னத் திரை நாற்பத்து மூன்று என்று காட்டியது. சலூன்காரர் அதை முறைத்தார்.

"நன்று. இன்னொரு முறை விரியுங்கள்" என்றது கையுறை.

"நீ விரி" என்று சொல்லிவிட்டு அவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். கால் தேறிவிட்டது. வலது கைதான், யாருக்கும் காட்டக் கூடாத பொருளை ஒளித்து வைத்திருப்பதுபோல், விரல்களை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. கத்தரியை யார் வேண்டுமானாலும் மூடலாம், திறப்பதில்தான் தொழில் இருக்கிறது என்பார் அவர். கடை பூட்டிக் கிடந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருவில் முடிவெட்டிக்கொண்டு, அந்தத் தலையோடு அவர் ஜன்னல் வழியாகவே போய் வந்தார்கள். அதைப் பார்ப்பதுதான் அவருக்கு வியாதியைவிடப் பெரிய வேதனை.

ஆஸ்பத்திரியில் இந்தக் கையுறையை இரவலாகக் கொடுத்தார்கள். விரலை விரிக்க அவர் லேசாக முயன்றால் போதும், மீதியை உள்ளே இருக்கும் மோட்டார் பார்த்துக்கொள்ளும். கை தேறத் தேற மோட்டார் தன் உதவியைத் தானே குறைத்துக்கொள்ளும். தினமும் இருநூறு தடவை விரிக்க வேண்டும். எண்ணிக்கை ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய்விடும். ஒரு வாரம் குறைந்தால், வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கையுறை போய்விடும்.

அந்த நாற்பத்து மூன்றை அவர் மனைவியும் பார்த்தாள். அவர் குறட்டை விட ஆரம்பித்ததும், கையுறையை மெதுவாக உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தன் கையில் மாட்டினாள். மீதி நூற்று ஐம்பத்தேழையும் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் முடித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

கையுறைக்கு யார் கை என்று தெரியுமா? ஒரே நாளில் இவ்வளவு முன்னேற்றமா என்று மகிழ்ந்து, உதவியைக் குறைத்துக்கொண்டது.

மறுநாள் சலூன்காரர் முக்கினார், முனகினார், வியர்த்துக் கொட்டினார். முப்பத்தொன்றுக்கு மேல் போகவில்லை. அன்று மனைவி நூற்று அறுபத்தொன்பது போட்டாள். கையுறை இன்னும் மகிழ்ந்தது. அதற்கு அடுத்த நாள் அது கல்லாகக் கனத்தது.

"சோம்பேறிக் கையுறையைப் பார்த்து நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றார் அவர்.

சார்ஜ் போதவில்லையோ என்று அவள் மறுபடி சார்ஜ் போட்டுப் பார்த்தாள். பிறகு, கையுறை சரியாக உதவவில்லை என்று ஆஸ்பத்திரிக்கே போன் செய்தாள். பயிற்சி கொடுக்கும் பெண் பதிவைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு உதவியே தேவைப்படவில்லை, இனிமேல் முந்நூறாக்கிவிடலாம் என்றாள். இவள் என்ன சொல்ல முடியும்? சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் முப்பது, அவள் இருநூற்று எழுபது என்று மூன்று வாரம் ஓடியது. அந்த முப்பதுக்காக அவர் தினமும் இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கையுறையோடு மல்லுக்கட்டினார். அவளுக்கோ விரல்கள் வீங்கிப்போயின. ஒரு தட்டு கைநழுவி விழுந்து உடைந்தபோது அவர் கேட்டார்:

"உனக்கும் ஒண்ணு இரவல் கேட்கட்டுமா?"

அவள் சில்லுகளைப் பெருக்கினாள்.

நான்காவது வாரம் ஒரு நாள் காலை போன் அடித்தது. சலூன்காரர் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். பயிற்சிப் பெண்தான். அவர் கை பூரணமாகக் குணமாகிவிட்டதாகப் பதிவு காட்டுகிறதாம். கையுறையை வாங்கிவர வேன் அனுப்பியாகிவிட்டதாம்.

"யார் கை?" என்றார் அவர். பிறகு, போன் காதில் இருக்க, மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் முகமே சொல்லிவிட்டது. மீதியை வாயால் சொன்னாள்.

"எனக்குப் பதிலா நீ பரீட்சை எழுதி, என்னைப் பாஸாக்கி, பள்ளிக்கூடத்தை விட்டே துரத்திட்டியேம்மா."

"பிடுங்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்துதாங்க..."

"இப்ப மட்டும் என்ன, வெச்சுக்கச் சொல்றாங்களா?"

போனுக்குள் அந்தப் பெண் சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, மேசைமேல் கிடந்த கையுறை வாயைத் திறந்தது.

"நன்று. இன்னொரு முறை விரியுங்கள்."

அவ்வளவுதான். அவர் அதைப் பிடித்து ஒரே வீச்சாக வீசினார். அது திறந்திருந்த கதவு வழியாகப் பறந்து, காலிப் பெட்டியோடு படியேறி வந்த வேன் டிரைவரின் காலடியில் போய் விழுந்தது.

மனைவி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். எல்லாம் தன் தப்பு, அந்தக் கணக்கு தன் கையுடையது, அவரால் ஒரு விரலைக்கூடத் தானாக விரிக்க முடியாது, தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள் என்று அழுதாள்.

டிரைவருக்கு அதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. கையுறையின் தூசியைத் தட்டிப் பெட்டியில் வைத்தார். உள்ளே வந்து, போனும் காதுமாக நின்ற சலூன்காரரிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"நீங்க போனைக் கீழ வைக்க வேணாம் சார். இதைத் தூக்கி எறிஞ்சீங்களே, அந்தக் கையாலேயே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."