நூற்றெண்பத்து மூன்று பேரும் நீங்கள்தான், பெரியப்பா

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். அங்கே உங்கள் இடது முழங்காலும், அதைப் பற்றிப் பெரியம்மா வைத்திருக்கும் அபிப்பிராயங்களும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வீடுகளுக்குப் பழுதுபார்க்க ஆள் அனுப்பும் எங்கள் செயலியில் "பிளம்பர் எப்போது வருவார் என்று சொல்லுங்கள்" என்று ஆறு மாதமாகக் கோரிக்கை வைத்த நூற்றெண்பத்து மூன்று பேரும் ஒரே ஆள் என்பதைச் சொல்லவில்லை. அந்த ஒரே ஆள் என் அப்பாவின் அண்ணன் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பதவி உயர்வு அங்கேயே படுத்திருக்கும். சொல்லாததால் கிடைத்துவிட்டது. நான் இப்போது புராடக்ட் மேனேஜர்! இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம் உண்டு. நீங்கள் போனை ஸ்பீக்கரில்தான் போடுவீர்கள். ஸ்பீக்கரில் போட்டால் பெரியம்மா கேட்பார். பெரியம்மா கேட்டால் மாடி வீட்டுக்காரர், தையற்கடைக்காரர், பல் டாக்டர் என்ற வரிசையில் செய்தி நடந்து போய்ச் சாயங்காலத்துக்குள் என் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்துவிடும்.

புராடக்ட் மேனேஜர் என்றால் என்ன என்று நம் வீட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. அப்பா கேட்பவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறார். அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் என்னைக் குறுக்கு விசாரணை செய்தது நினைவிருக்கிறதா?

"நீ எதையாவது செய்றியாம்மா, இல்ல செய்றவங்களைப் பாத்துக்கிறியா?"

"ரெண்டும் இல்ல பெரியப்பா. எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாதுன்னு முடிவு பண்றேன். பெரும்பாலும் செய்யக் கூடாதுன்னு சொல்றதுதான்."

"அதுக்குச் சம்பளமா? உங்க பெரியம்மா முப்பது வருஷமா சும்மாவே சொல்லிட்டிருக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் அப்போது எனக்கு அந்தச் சம்பளம்கூட முழுசாக இல்லை. மூன்று வருடமாக நான் வெறும் உதவி மேனேஜர். இரண்டு முறை பதவி உயர்வுக்கு எழுதிப்போட்டு, இரண்டு முறையும் "உழைப்பு உண்டு, வியூகப் பார்வை போதாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவள். வியூகப் பார்வை எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது முறையும் இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்வது என்று எனக்குள்ளேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் பெரியப்பா, உங்கள் சமையலறைக் குழாய் ஒழுகியது. எங்கள் செயலி வழியாக நீங்கள் பிளம்பரைக் கூப்பிட்டீர்கள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் காலை ஆலோசனைப் பெட்டியில் ஒரு கடிதம் எழுதினீர்கள். குடிநீர்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் புகார்ப் பிரிவில் இருந்தவர் கடிதத்தோடு விடுவாரா? பதில் வரும்வரை தினம் ஒரு நினைவூட்டல். அதுவும் சரி. ஆனால் எழுதி முடித்ததும் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள் பாருங்கள், அதை இந்த உலகத்தில் வேறு யாரும் செய்ய மாட்டார்கள். வேலை முடிந்த மேஜையில் கோப்பு தங்கக் கூடாது என்ற உங்கள் பழைய அலுவலக விதிப்படி, செயலியையே போனிலிருந்து நீக்கிவிட்டு, அடுத்த நாள் காலை புதிதாக இறக்கிக்கொண்டீர்கள். எங்கள் கணினிக்கு விதி தெரியாது. அது உங்களைத் தினமும் ஒரு புது வாடிக்கையாளராக வரவேற்றது. தானாகவே நன்றி மடல் ஒன்றும் அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் செயலி போனில் இல்லை. பதில் வரவில்லையே என்று நீங்கள் அடுத்த நினைவூட்டலை எழுதினீர்கள். இப்படி ஆறு மாதம்.

நான் இங்கே இதைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். எங்கள் குழுவில் எனக்குப் போட்டியாக ஒருவர் இருக்கிறார். அவர் போடும் படங்களில் எல்லா அம்புகளும் மேல்நோக்கியே போகும் என்பதால் நான் மனதுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அம்புக்குறி. அவருடைய திட்டம், அந்த நீலப் புள்ளியை இன்னும் அழகாக்கி, ஒரு குட்டி வண்டியாக மாற்றி, சக்கரமும் சுற்ற வைப்பது. என் திட்டம் ஒரே ஒரு வரி: "உங்களுக்கு முன்னால் இரண்டு வீடுகள் இருக்கின்றன, பதினோரு மணிக்கு மேல் வருவார்." சக்கரம் சுற்றுவதற்கு முன்னால் ஒரு வரி எப்படி எடுபடும்? ஆனால் என் பக்கம் நூற்றெண்பத்து மூன்று பேர் இருந்தார்களே! அந்தத் தைரியத்தில் ஒரு நாள் முழுக்க ஒரு பிளம்பரோடு அவர் வண்டியில் சுற்றினேன்.

அவர் ஒரு தொட்டிக்கு அடியில், வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தார். போன் அடித்தது. டார்ச்சை எடுத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"தொட்டிக்குக் கீழ இருக்கேன் சார்."

"எங்க வீட்டுத் தொட்டிக்கா?"

"இல்ல சார், வேற ஒருத்தர் வீட்டுத் தொட்டி."

"அப்ப எங்க வீட்டுக்கு?"

"இந்தத் தொட்டி விட்டா வர்றேன் சார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குழாய் வேலை செய்றது பாதி நேரம்தாம்மா. மீதி நேரம் நான் எங்க இருக்கேன்னு சொல்றதே வேலை. உங்க படத்துல புள்ளி தெரியுதாம். அது ஏன் நகரலைன்னு என்னைக் கேக்கறாங்க. நான் படுத்திருக்கேன், புள்ளி எப்படி நகரும்?" அன்று அவருக்கு முப்பத்தோரு அழைப்புகள். அதில் இருபத்தாறு இதே கேள்வி. நான் எண்ணினேன்.

இவ்வளவையும் தொகுத்து, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நூற்றெண்பத்து மூன்று என்று போட்டு, பிளம்பரை ஒரு மூலையில் இரண்டு வரியில் அடக்கி, கூட்டத்துக்குத் தயாராக இருந்தேன். கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு எங்கள் புள்ளிவிவரப் பிரிவுக்காரர் என் மேஜைக்கு வந்தார். தசம ஸ்தானம் இல்லாமல் வாய் திறக்காத மனிதர், அன்று முழு எண்களில் பேசினார்.

"ஒரு சின்ன விஷயம். உங்க நூத்தி எண்பத்தி மூணு பேரும் ஒரே மாதிரி போன் வச்சிருக்காங்க."

"எல்லாரும் வாங்கற போனா இருக்கும்."

"எல்லாரும் காலைல ஆறு பத்துக்குத்தான் எழுதறாங்க."

"சுறுசுறுப்பானவங்க."

"ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் எழுதறாங்க. ரெண்டு பேர் எழுதின நாளே இல்ல."

"ஒழுக்கமானவங்க."

"எல்லாரும் கடைசியில 'தயவுகூர்ந்து ஆவன செய்க'ன்னு முடிக்கிறாங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுதும் பொங்கல் வாழ்த்தைக்கூட அப்படி முடிக்கிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

கடிதங்களைத் திறந்தேன். பொருள்: குழாய் பழுதுபார்ப்பவர் வருகை குறித்து. பார்வை: எனது நேற்றைய கடிதம். நினைவூட்டல் எண் நாற்பத்தேழு! அன்று காலைதான் செயலியை முதன்முதலாகத் திறந்ததாக எங்கள் பதிவேடு சொல்லும் ஒருவர் நாற்பத்தேழாவது நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார், அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் நாங்கள் யாரும் அவற்றைப் படிக்கவில்லை. கணினி அவற்றை "வருகை நேரம்" என்ற பெட்டிக்குள் போட்டது, நாங்கள் பெட்டியை எண்ணினோம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் என்று நீங்களே என்னைக் கேலி செய்வீர்கள். அந்த நான் இதை ஆறு மாதமாகப் படிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் நான்கைந்து படித்தேன். ஐம்பத்திரண்டாவதில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "வரைபடத்தில் புள்ளி நகர்வது காணப்படுகிறது. எனினும் அது என் இல்லம் நோக்கி நகர்கிறதா, பிறர் இல்லம் நோக்கியா என்பது விளங்கவில்லை. புள்ளிக்கே விளங்குமா என்பதும் ஐயமே." எனக்குச் சிரிப்பு வந்தது. என் மூன்று வருட உழைப்பு ஒரு ஒழுகும் குழாயின் மேல் நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

நீள மேஜை, அந்தக் கோடியில் எங்கள் மேலதிகாரி அம்மாள். அவர் அதிகம் பேச மாட்டார். பேனாவைக் கீழே வைத்தால் கேட்கிறார் என்று அர்த்தம். அம்புக்குறி முதலில் பேசினார். சக்கரம் சுற்றியது. பேனா மேலதிகாரி கையிலேயே இருந்தது. பிறகு நான் எழுந்து என் ஒற்றை வரியைச் சொன்னேன்.

அம்புக்குறி சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்: "இதை எத்தனை பேர் கேட்டாங்க? போன வாரம் ஏதோ பெரிய நம்பர் சொன்னீங்களே."

"அந்த எண்ணிக்கையை நான் நம்பலை. எடுத்துட்டேன்."

"நம்பரே இல்லாம எதை வச்சுப் பேசறீங்க?"

"ஒரு நாள் ஒரு பிளம்பரோட இருந்ததை வச்சு."

யாரோ இருமினார்கள். கை தானாகப் போனை எடுத்து அந்தப் பிளம்பரின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மேஜை நடுவில் வைத்தது. (ஸ்பீக்கர் போடும் பழக்கம் நம் குடும்ப ரத்தத்தில் இருக்கிறது போலும்.) மணி அடித்தது. எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், யார் என்றுகூடக் கேட்காமல், மூச்சு வாங்க அவர் சொன்னார்:

"வந்துட்டே இருக்கேன் சார்! இன்னும் ரெண்டு வீடுதான் சார்!"

அறையில் சிரிப்பு கூரையை முட்டியது. அம்புக்குறிகூடச் சிரித்தார், பாவம். நான் போனை எடுத்து, "அண்ணே, நான்தான், அன்னிக்கு வண்டியில வந்தேனே" என்றேன். "அட நீயாம்மா! உனக்கும் குழாய் போச்சா?" என்றார்.

மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்திருந்தார். "ஒரு பகுதி. ரெண்டு வாரம். செஞ்சு காட்டுங்க," என்றார்.

செய்து காட்டினோம். ஒரே வரிதான், எழுத்து கொஞ்சம் பெரிது. இரண்டு வார முடிவில் அந்தப் பகுதிப் பிளம்பர்களுக்கு வரும் "எங்க இருக்கீங்க" அழைப்புகள் கால்வாசியாகக் குறைந்திருந்தன. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு வீடு கூடுதலாகப் பார்க்கிறார்கள். என் பிளம்பர் போன் பண்ணி, "போன் ரிப்பேராயிடுச்சோன்னு ரெண்டு தடவை அணைச்சுப் போட்டேம்மா, அவ்வளவு அமைதி," என்றார். போன வெள்ளிக்கிழமை மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அதில் என் பதவிக்கு முன்னால் "உதவி" என்ற வார்த்தை இல்லை. படியில் இறங்கும்போது யாரும் பார்க்காத ஒரு திருப்பத்தில் நின்று, அந்த இல்லாத வார்த்தையை மூன்று முறை படித்தேன்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இனிமேல் செயலியை நீக்காதீர்கள், நினைவூட்டலும் அனுப்பாதீர்கள். புள்ளிவிவரக்காரர் நல்லவர், ஆனால் அவருக்கும் ஆர்வம் என்று ஒன்று இருக்கிறது. நூற்றெண்பத்து மூன்று விஷயம் நம் இருவரோடு மண்ணுக்குள் போகட்டும். நான் பொய் சொல்லவில்லை. நம்பவில்லை என்றேன், எடுத்துவிட்டேன் என்றேன், இரண்டும் உண்மை. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் உங்கள் புகார்ப் பிரிவிலும் இருந்திருக்காது. பெரியம்மாவிடம் எனக்குப் பதவி உயர்வு என்று மட்டும் சொல்லுங்கள்; எப்படி என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் முழங்கால் படிக்கட்டை மறந்து நடக்கவும், பெரியம்மாவின் குரல் குறையாமல் இருக்கவும், உங்கள் வீட்டில் எல்லாக் குழாய்களும் திறந்தால் வரவும் மூடினால் நிற்கவும் வேண்டிக்கொண்டு,

என்றும் பணிவுள்ள,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு நான்கு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை பையைத் திறக்கும்போதும் அது என்னைப் பார்த்தது. நேற்றுக் காலை மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆகவே மேலே ரகசியம் என்று எழுதியிருப்பதெல்லாம் ரத்து, நினைவூட்டல் அனுப்பாதீர்கள் என்றதும் ரத்து. "கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே" என்றார். "பயமா இருந்தது" என்றேன். அவர் அத்தனை கடிதங்களையும் அச்சடிக்கச் சொன்னார். பதவி என்னிடமேதான் இருக்கிறது. மதியம் குழுவினர் எல்லோரையும் அந்த நீள மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடிக்க மூன்றரை மணி நேரம் ஆனது. யாரும் நடுவில் எழுந்து போகவில்லை.