சிதம்பரத்து அனுப்பிரியா

பழனிவேல் குளிக்கப் போயிருந்த நேரத்தில், சமையல் மேடையில் கிடந்த அவனுடைய செல்போன் இரண்டு முறை சிணுங்கியது. எழிலரசி எட்டிப் பார்த்தாள். அடுத்தவர் போனைப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் கண் அங்கே போகத்தானே செய்யும்?

'ராபர்ட் சிதம்பரம்' அனுப்பியிருந்தான்.

"சார், அனுப்பிரியா ரெடி. சின்னதா அழகா இருக்கு. பழசத் தூக்கியாச்சு. இனிமே இதையே வெச்சிக்கலாம்."

தோசை கருகியது.

பழனிவேலுக்குக் கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆப்களில் ஆங்கிலத்தில் வருகிற வாசகங்களைத் தமிழாக்கி, எது எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. இப்போது அவன் தலையில் விழுந்திருப்பது, கடலூர் வீட்டுச் சாப்பாட்டைச் சிதம்பரம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆப். சிதம்பரம் கிளையில் அவனுக்குக் கீழே இருப்பவன் ராபர்ட்.

எழிலரசி பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. வீட்டிலேயே தமிழை வைத்துக்கொண்டு புருஷன் இதுவரை ஒரு வார்த்தை தன்னைக் கேட்டதில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே ஒரு காந்தல் உண்டு. இப்போது வயிறே எரிந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவனிடம் நேராகக் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சுற்றி வளைத்தாள்.

"ஆபீஸ்ல இப்ப புதுசா என்னா வேல?"

"பழசு ஒண்ண மாத்தறோம்."

"ஏன், பழசுக்கு என்னா கொறச்சல்?"

"ரொம்பப் பெருசு, எழிலு. இருக்கற எடத்துல அடங்கவே மாட்டேங்குது. வெறப்பா வேற இருக்கு. பாத்தாலே பயமா இருக்குன்னு பசங்க சொல்றாங்க."

எழிலரசி தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பசங்க பயப்படுவது வாஸ்தவம்தான், அவள் வகுப்பில் ஒருத்தன் இருமக்கூட மாட்டான். அதற்காக அதைச் சிதம்பரம் வரைக்குமா கொண்டுபோய்ப் பேசுவது?

"இத்தன வருசம் ஒத்துப்போனது இப்ப கசந்துடுச்சாக்கும்?"

"வேற வழியில்லாமதான் வெச்சிருந்தோம்" என்று சொல்லிவிட்டு, சட்டினியை விரலால் வழித்து நக்கினான் அந்த மனுஷன்.

அவன் சட்டை மாட்ட உள்ளே போனதும் எழிலரசி போனை எடுத்தாள். அவசரத்திலும் தமிழ் பிசகவில்லை. "அனுப்பிரியா வேண்டாம். உடனே தூக்கிவிடு" என்று அடித்து அனுப்பினாள். "ஓகே சார்" என்று வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. ஒரே வரியில் ஒருத்தியைத் துரத்தியாயிற்று என்று ரவா கேசரி கூடக் கிளறினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே போன் வந்தது.

"என்னாது, அனுப்பிரியா இல்லியா?" பழனிவேல் அலறினான். "யாருடா தூக்கச் சொன்னது? நானா? டேய், அது இல்லாம ஒண்ணுமே நடக்காதுடா! தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஒரு தூக்கு மீன் கொழம்பு கூட கெளம்பலியா? ஹாஸ்டல் பசங்க பட்டினியா? இரு, நானே வந்து திரும்பக் கொண்டாறேன்!"

'அது' இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். சின்னப் பெண் போலிருக்கிறது, அதனால்தான் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல் 'அது' என்று செல்லம் கொஞ்சுகிறார். என்னை ஒருநாளாவது இப்படிச் சொன்னதுண்டா என்று எழிலரசி பொருமினாள். அவன் வண்டிச் சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள்.

பழனிவேல் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினான். கிடைக்கவில்லை.

"சரி, பஸ்லயே போறேன். பஸ்ஸுன்னா போயிப் போயி வர்றது ஆவாது. இன்னிக்கு அங்கியே தங்கி முடிச்சிட்டு வர்றேன்."

"தங்கியா?"

"அனுப்பிரியா சரியாவுற வரைக்கும் நவுர முடியாது, எழிலு."

சாவியை ஒளித்தது, பாயும் தலையணையும் கொடுத்து அனுப்பியதுபோல் ஆயிற்று. வாசலில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு தாங்காமல் போன் போட்டாள்.

"சாப்ட்டீங்களா?"

"எங்க சாப்புடறது? அனுப்பிரியாவப் பாத்துக்கிட்டு இருக்கேன். பசங்க செவப்பு போடலாம்னாங்க, நான்தான் பச்ச எடுப்பா இருக்கும்னு சொன்னேன். செம்ம அழகு! வெச்சிடறேன்."

பொங்கலுக்குப் புடவை எடுக்கும்போது எதைக் காட்டினாலும் "உன் இஷ்டம்" என்று கொட்டாவி விடுகிற ஆள், சிதம்பரத்துக்காரிக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்கிறார்!

எழிலரசி கதவைப் பூட்டினாள், பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அடங்காதவளோ விறைப்பானவளோ, அந்த மனுஷனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கத் தன்னால் முடியாது என்பது புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அழுகையோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

கீழ வீதியில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். தடதடவென்று படியேறிக் கதவைத் தள்ளினாள். உள்ளே பழனிவேலும் இன்னும் இரண்டு பையன்களும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்தார்கள். பெண் வாடையே இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

"எங்க அவ?"

"எழிலு! நீ எப்படி இங்க? எவ?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பச்சப் பொடவ! சின்னதா, அழகா! பழசத் தூக்கிட்டு வெச்சிக்கறீங்களே, அந்த அனுப்பிரியா! அவளா நானான்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும். அவளத் தூக்கச் சொல்லி மெசேஜ் போட்டதே நான்தான்!"

பழனிவேல் திரும்பினான். "டேய் ராபர்ட்டு, இவ என்னாடா சொல்றா?"

பக்கத்தில் இருந்த தாடிக்காரப் பையன் நாற்காலி பின்னால் சாய விருட்டென்று எழுந்தான். எழிலரசியைப் பார்த்ததும் அவன் கை இரண்டும் தானாகக் கட்டிக்கொண்டன.

"டீச்சர், அது பொண்ணு இல்ல, சாப்பாட்டுக்கு அமுக்கற பட்டனு. பழைய 'சமர்ப்பிக்கவும்'க்குப் பதிலா வெச்சது. 'அனுப்புறியா?'ன்னு எழுதறதத்தான் மெசேஜ்ல அப்பிடி எழுதிட்டேன். பத்தாவதுல எனக்குத் தமிழ் எடுத்ததே நீங்கதான டீச்சர்!"