எல்லோருக்கும் ஒரே பெயர்

மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே, ஒன்பது மாகாணங்களோடு பரந்து கிடந்த திருவொளி நாட்டில் ஒரு குழந்தை பிறந்தால் முதலில் அரண்மனைக் கணினியில் அதன் பெயரில் ஒரு கோப்பைத் திறப்பார்கள். தொப்புள்கொடியை அறுப்பது அதற்குப் பிறகுதான். கோப்பு இருந்தால் அரிசி கிடைக்கும், மருந்து கிடைக்கும், செத்தால் ஆறடி மண்ணும் கிடைக்கும். கோப்பு இல்லாதவர் எதிரே நின்று கதறினாலும் அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியமாட்டார். அங்கே யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

நாட்டின் பேரதிபருக்கு மக்களின் பெயர்கள் மேல் வெகுநாளாகக் கோபம். பெயரைச் சொன்னாலே ஊர் தெரிந்தது, குலம் தெரிந்தது, கும்பிடும் சாமி தெரிந்தது. சில பெயர்களைக் கேட்டால், பேரதிபர் வருவதற்கு முன்பே அந்த நாடு இருந்தது என்பதுகூடத் தெரிந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒற்றுமைத் திருநாளுக்கு முன்பாக ஆணை பிறந்தது: குடிமக்கள் அனைவரின் கோப்புகளும் ஒரே மூச்சில் ‘திருவொளியார்’ என்று பெயர் மாற்றப்படும்.

வேலை, பெயர் அமைச்சகத்தில் கணினியை இயக்கிவந்த மாசாத்தியின் தலையில் விழுந்தது. அவள் கெட்டிக்காரி; ஆனால் தைரியசாலி என்று சொல்ல முடியாது. அவளுடைய ஆறு வயது மகள் குவளை அரசு மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவின் சன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். தினமும் காலையில் மருந்தகத்தில் குவளையின் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் ஊசி கொடுப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் மூச்சு நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அமைச்சகத்தில் எதிர்ப்பைத் தெரிவிக்க ஒரே வழிதான் இருந்தது: இருமுவது. ‘இல்லை’ என்றால் ராஜத்துரோகம்; இருமினால் வெறும் உடல்நலக் குறைவு. ஆணை வாசிக்கப்பட்டபோது அறை முழுக்க இருமல் கேட்டது. அமைச்சர் பெருஞ்சேந்தன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு எல்லோருக்கும் இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். குடித்த பிறகு ஒருவரும் இருமவில்லை.

மாசாத்தி மட்டும் எழுந்தாள். “ஐயா, ஒரே இடத்துல ஒரே பேர்ல ரெண்டு கோப்பு இருக்க முடியாதுங்க. பேருக்குப் பின்னால ஆளுக்கு ஒரு எண் சேர்த்துக்கலாமா?”

“எண் போட்டால் முதல் எண் யாருக்கு என்ற கேள்வி எழும். இந்த நாட்டில் முதலிடம் ஒருவருக்கே உரியது.”

“அப்போ ஏதாவது சின்ன ஊர்ல மட்டும் முன்னோட்டம் பார்த்துட்டு...”

“முன்னோட்டம் என்பது சந்தேகத்துக்கு நாகரிகமான பெயர், அம்மணி.”

“தப்பாப் போனா பழையபடி திருப்பி...”

“நமது அரசு எதிலாவது பின்வாங்கியதுண்டா?” என்ற அமைச்சர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மகள் நலமாக இருக்கிறாளா?”

மாசாத்தி உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” என்று பக்கத்து இருக்கை வெண்ணாகன் முணுமுணுத்தான். “போன வருஷம் சந்தேகம் கேட்டவனோட நாற்காலியிலதான் நீ உட்கார்ந்திருக்கே.”

கோப்புக்குப் பிரதி எடுத்துவைப்பது அங்கே பெருங்குற்றம். அரசின் மேல் நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பிரதி எதற்கு? ஆனாலும் மாசாத்தி குவளையின் கோப்பைப் பிரதி எடுத்து, அரண்மனைக் குதிரைகளின் கோப்புகளுக்கு நடுவே ஒளித்துவைத்தாள். குதிரைகளுக்குப் பேரதிபரே பெயர் சூட்டியிருந்ததால் அவற்றுக்கு மட்டும் பெயர்மாற்றம் கிடையாது.

திருநாள் காலையில் அமைச்சர் மேளதாளத்தோடு வந்தார். மாசாத்தி வேலையைத் தொடங்கினாள். இரண்டாவது கோப்பிலேயே கணினி நின்றது: ‘இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உள்ளது. அதை அழித்துவிட்டு இதை வைக்கலாமா?’

“இது ஏன் கேள்வி கேட்கிறது?” என்றார் அமைச்சர்.

“ஆமான்னு சொன்னா முன்னாடி இருக்கிறவர் அழிஞ்சுடுவாருங்க.”

“அந்தப் பொத்தான் என்ன?”

அவள் திரையில் இருந்ததைப் படித்தாள். “அனைத்துக்கும் ஆம்.”

“பார்த்தீர்களா! நம் மக்களின் மனம் இயந்திரத்துக்கே தெரிந்திருக்கிறது. அழுத்துங்கள்.”

அவள் விரல்தான் அழுத்தியது. ஒவ்வொருவரையும் அவருக்கு அடுத்தவர் அழித்தார். அவள் கோப்பும் அப்படியே போனது. மேளம் ஓய்வதற்குள் நாட்டில் ஒரே ஒரு கோப்புதான் மிச்சம்.

வெண்ணாகன் அதைத் திறந்தான். வரிசையின் கடைசியில் இருந்த, யாரோ ஒரு தோல் வியாபாரியின் கோப்பு அது. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நீக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

“அக்கா, நாம எல்லாரும் செத்துட்டோம்” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

நாட்டில் இனி நோயாளியே இல்லை என்று அரசு அறிவித்தது. அரிசிக் கடைகள் மூடப்பட்டன. “நான் உசுரோடதான்யா இருக்கேன், தொட்டுப் பாரு!” என்று ஒரு பெண் கடை வாசலில் கத்தினாள். “மிஷின்ல செத்துட்டேன்னு வருதும்மா. நானும்தான் செத்துட்டேன். கத்துறேனா?” என்றார் கடைக்காரர்.

மருந்தகத்தில் குவளையின் ஊசி கண்ணாடி அலமாரிக்குள் கண்ணுக்குத் தெரிந்தது. “செத்தவங்களுக்கு மருந்து குடுத்தா என் கழுத்து போயிடும், தாயி” என்று மருந்தாளுநர் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே குழந்தையின் உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன.

மாசாத்தி அமைச்சகத்துக்கு ஓடினாள். குதிரைகளுக்கு நடுவிலிருந்து மகளின் கோப்பை எடுத்து, பெயரைத் ‘திருவொளியார்’ என்று மாற்றி, குடிமக்களின் இடத்தில் வைத்தாள். கணினி பழைய கேள்வியையே கேட்டது. இந்த முறை அவள் யோசிக்கவில்லை. வியாபாரி போனார், குவளை நின்றாள்.

அந்தக் கணமே நாடு முழுவதும் உயிர் பெற்றது. எல்லோருக்கும் வயது ஆறு. அரிசிக் கடைகள் திறந்தன. ஆளுக்குக் குழந்தைக்கு உரிய அளவு அரிசியும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார்கள். நரைத்த மீசைக்காரர்கள் பாலுக்கு வரிசையில் நின்றார்கள். குவளைக்கு ஊசி போடப்பட்டது. அவள் மூச்சு சீரானபோது, மாசாத்திக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

வரவிருந்த தேர்தல் ரத்தானது. “குழந்தைகள் வாக்களிக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. தந்தையின் இடத்தில் பேரதிபர் இருக்கிறார்” என்றார் பெருஞ்சேந்தன். உதட்டில் பால் காயாத கூட்டம் கைதட்டியது.

பிறகு, எங்கோ ஓர் எல்லை மாகாணத்தில் ஒரு கிழவர் தன் டம்ளர் பாலைப் பேரதிபர் சிலையின் முகத்தில் வீசிவிட்டு ஓடிப்போனார். காவலர்கள் அவருடைய கோப்பைத் திறந்தார்கள். பெயர்: திருவொளியார். முகவரி: அரசு மருத்துவமனை, குழந்தைகள் பிரிவு, சன்னலோரக் கட்டில்.

மாசாத்தி மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. அதிகாரி வாசலில் நின்று ஆணையை விரித்தார்.

“இங்கே திருவொளியார் யார்?”

அங்கிருந்த நோயாளிகள், செவிலியர்கள், துணைக்கு வந்தவர்கள், கூட்டுகிறவர் என அத்தனை பேருக்கும் அதுதான் பெயர். அத்தனை பேரும் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.