தட்டு தானே காயும் அலமாரி

தம்பெரே,
ஜூன் தொடக்கம், செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா ஹில்க்கா அவர்களுக்கு,

தம்பி தவேத்தி பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம். கல்யாணப் பெண் ஐரா நலம் என்றுதான் நினைக்கிறேன். சமையலறைச் சுவர் மெல்லத் தேறி வருகிறது. அங்கே குவோப்பியோவில் தாங்களும், தங்கள் இடது முழங்காலும், ஏரிக்கரைக் குடிலின் கூரையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பறவைக் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

அது நிற்கட்டும். போன வாரம் தொலைபேசியில் தங்களிடம் ஒன்று கேட்டேன். குடிலை இடிப்பதற்கு முன்னால், அங்கே சிங்குக்கு மேலே இருக்கும் தட்டு காயும் அலமாரியிலிருந்து கம்பித் தட்டிகளைக் கழற்றி எனக்கு அனுப்பச் சொன்னேன். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அதற்குப் பதிலாக, தங்கள் படுக்கையறையில் நல்ல விருந்தாளி வரட்டும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறீர்களே, அந்த லினன் துடைப்புத் துணிகள், அவற்றில் மனம் வந்த அளவுக்கு அனுப்பி வையுங்கள். "டேய் தவேத்தி, உனக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா?" என்று தாங்கள் கேட்பது தபால் போய்ச் சேருவதற்கு முன்பே எனக்குக் கேட்கிறது. கலங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு தாங்களே சொல்லுங்கள்.

வசந்தத்தில் நான் ஐராவின் வீட்டுக்குக் குடிவந்தபோது அங்கே எல்லாம் இருந்தது. காலையில் வெயில் விழும் பால்கனி இருந்தது, வாய் நுனியில் ஒரு சொட்டு கூடத் தொங்காமல் காபி ஊற்றும் பாத்திரம் இருந்தது, பிடித்தவுடன் கை தானாகப் புன்னகை செய்யும் கத்தரிக்கோல் இருந்தது. கை எப்படிப் புன்னகை செய்யும் என்று கேட்காதீர்கள், அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்தால் தெரியும். ஆனால் சிங்குக்கு மேலே அலமாரி இல்லை! ஐராவின் மகள் ஹெய்னி வீட்டு அலங்கார வல்லுநர், அவள்தான் தாயின் சமையலறையைப் புதுப்பித்தவள். "சுவர் மூச்சு விடணும்" என்று சொல்லி அலமாரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பலகையும், பலகைமேல் ஒரு பூச்சாடியும், பூச்சாடியில் இலை இல்லாத ஒரே ஒரு குச்சியும் வைத்திருந்தாள். சுவர் நன்றாக மூச்சு விட்டது. எனக்குத்தான் மூச்சு முட்டியது. தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐரா கழுவுவாள், நான் துணியோடு பக்கத்தில் நின்று தட்டுத் தட்டாகத் துடைப்பேன். அக்கா, நம் நாட்டில் பிறந்த மனுஷன் தட்டைத் துடைக்கலாமா? கதவைத் திறந்தால் உள்ளே கம்பித் தட்டிகள், அடியில் பலகையே கிடையாது, ஈரத்தட்டைச் செருகிக் கதவை மூடினால் தண்ணீர் நேராக சிங்குக்குள் சொட்டும், தட்டு காய்ந்து அங்கேயே குடியிருக்கும், மறுநாள் அங்கிருந்தே எடுத்துச் சாப்பிடலாம். வைக்கிற இடமும் அதுதான், காயுற இடமும் அதுதான். இதைவிட அழகாக மனிதன் ஒன்றை யோசித்திருக்க முடியுமா? நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்தேன். வெளிர் பச்சையில் இரட்டைக் கதவு, வட்டமான மரக் கைப்பிடிகள். ஒரு கம்பித் தட்டி நன்றாக இருந்தது, மற்றவை துரு. அதனால்தான் தங்களிடம் கேட்டேன். கடைக்குள்ளேயே கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். 'ட்டப்' என்று ஒரு சின்னச் சத்தம், முத்தம் மாதிரி. கடைக்காரப் பெண், "ஐயா, வாங்குறீங்களா, இல்ல நான் கொஞ்சம் வெளிய போகட்டுமா?" என்று கேட்டாள். வாங்கிவிட்டேன்.

ஐரா நீச்சல் குளத்துக்குப் போயிருந்த நேரம். டிரில்லிங் மெஷினை எடுத்துக் குச்சிக்குப் பக்கத்தில் முதல் துளை போட்டேன். வாழ்நாள் முழுக்கக் காப்பீட்டு நிறுவனத்தில் தண்ணீர்ச் சேதம் மதிப்பிட்ட உத்தியோகஸ்தன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். குழாய் எங்கே ஓடும் என்று கேட்காமல் துளை போட்ட எத்தனை முட்டாள்களை விசாரித்திருக்கிறேன்! சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு என் மூக்குக்கண்ணாடியை அடித்துக்கொண்டு போனது. பழக்க தோஷத்தில் முதலில், "உரிமையாளரின் அலட்சியம், இழப்பீடு கிடையாது" என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதினேன், பிறகுதான் விரலால் துளையை அடைத்தேன். அடைத்த பிறகுதான் ஒன்று புரிந்தது, அடைப்பு வால்வு சிங்குக்கு அடியில் இருக்கிறது, என் விரல் சிங்குக்கு மேலே இருக்கிறது, நடுவில் நான் இருக்கிறேன், அவ்வளவு நீளம் இல்லை.

அப்போது கீழ்வீட்டு ரைமோ வந்தார். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார், அதுவும் நல்ல நாளில்தான். அலமாரியை இழுத்து வந்தபோது நான் திறந்து வைத்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இடுப்பில் ஒரு துண்டோடு, சவுனா என்கிற நீராவி அறையில் வெந்து சிவந்த உடம்போடு வாசலில் நின்றார்.

"ஈரமா இருக்கு," என்றார்.

"எங்க?"

"என் தலையில."

"சவுனாவுக்குப் போனீங்கள்ல?"

"துடைச்சிட்டு வந்து உக்காந்தேன். அப்புறம்தான் ஈரம்."

சிங்குக்கு அடியில் தலையை விட்டு வால்வை மூடினார். எழுந்தவர் தரையில் கிடந்த அலமாரியைப் பார்த்தார். குனிந்து கதவைத் திறந்தார். மூடினார். ட்டப். மறுபடி திறந்தார். "மாட்டணும்," என்றார். அக்கா, அந்த மனுஷனை நான் அப்படியே கட்டிக்கொண்டிருப்பேன், துண்டை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

குழாய் இல்லாத பக்கமாகப் பார்த்துத் துளை போட்டோம். இருவருமாக அலமாரியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். நான் ஒரு கையால் திருகாணியைத் தேட வேண்டும், அவர் இரண்டு கையாலும் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து அவருடைய துண்டின் முடிச்சு நெகிழ ஆரம்பித்தது.

"ரைமோ, துண்டு!"

"தெரியும்."

"பிடிங்க!"

"கை இல்ல."

"முழங்காலை ஒட்டி வைங்க!"

"வெச்சிருக்கேன். அது இல்லன்னா எப்பவோ போயிருக்கும்."

இந்தக் கட்டத்தில்தான் ஹெய்னி எங்கள் கல்யாணக் கேக்கின் மாதிரித் துண்டுகளோடு உள்ளே வந்தாள். தரை முழுக்கத் தண்ணீர். அவளுடைய குச்சி சிங்கில் மிதக்கிறது. இரண்டு கிழவர்கள் ஒரு பச்சைப் பெட்டியை வானத்துக்குக் காணிக்கை கொடுப்பதுபோலத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் முழங்காலை இடுக்கிக்கொண்டு. "தவேத்தி! என் சுவரு!" என்று கத்தினாள். "சுவரு இருக்கட்டும் ஹெய்னி, முதல்ல அந்தத் துண்டு!" என்று நான் கத்தினேன். கேக் பெட்டியை மேசையில் போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டின் நுனியைப் பிடித்துச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு போட்டாள் பாருங்கள், கெட்டிக்காரி! நான் திருகாணியை முடுக்கினேன். அலமாரி நின்றது. மூவரும் ஈரத்தில் நின்றபடியே கேக் தின்றோம், சிங்கில் தேங்கியிருந்த தண்ணீரிலேயே தட்டைக் கழுவினோம், உள்ளே செருகினோம். சொட்டு, சொட்டு, நேராக சிங்குக்குள். ஹெய்னி பல்லைக் கடித்துக்கொண்டு, "கைப்பிடி அழகாத்தான் இருக்கு," என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, தும்மலும் வந்தது.

ஐரா ஈரத்தலையோடு வந்து பார்த்தாள். திறந்தாள், மூடினாள். "நல்லாருக்கு," என்றாள். ஐராவின் ஊர்க்காரர்கள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தால் மற்ற ஊரில் மேளதாளம் வைத்ததற்குச் சமம். ரைமோ கீழே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு உப்பு மிட்டாய் கொடுத்து வாழ்த்தினார். குழாயைத் திங்கட்கிழமை ஆள் வந்து சரிசெய்தான்.

வெற்றி! நான் துடைக்கவில்லை! கழுவுகிற இரண்டு நிமிஷத்தோடு வேலை முடிந்தது. நான் வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன், ராத்திரி எழுந்துகூடப் போய்க் கதவைத் திறந்து காய்ந்த தட்டுகளைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வந்தேன். அப்படித் திரிந்ததில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஐரா பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

பகலில் ஐரா எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை. நகரப் பேருந்து ஓட்டினவள், ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பழகினவள். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கை போட்டால் மட்டும் வாய் திறக்கும். டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் ஒரு மீனைக் கொடுத்துவிட்டு இறங்கின ஆள், நடு ரோட்டில் உட்கார்ந்து பேருந்தையே மறித்த அன்னம், எல்லாக் கதையும் சிங்கில்தான் கேட்டேன். கல்யாணப் பேச்சைக்கூட ஒரு வாணலியைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன். "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றேன். "அடியில இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு பாருங்க," என்றாள். நான் துடைத்தேன். "சரி," என்றாள். வாணலிக்கா எனக்கா என்று புரிய ஒரு நாள் பிடித்தது.

இப்போது என்ன கேட்டாலும் "உம்". காபியா? உம். கல்யாணத்துக்கு எந்தப் பாட்டு வைக்கலாம்? உம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மத்திய கோடைத் திருநாளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், பெண் பேசவில்லை! நான் பேசிப் பேசி வீட்டை நிரப்பினேன், நம் குவோப்பியோ வாய் சும்மா இருக்குமா, அது அவளை இன்னும் வாயடைக்க வைத்தது. எழுபது வயதில் உனக்கு எதுக்குடா இதெல்லாம் என்று தாங்கள் கேட்டது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

சவுனாவில் ரைமோவிடம் சொன்னேன். அவர் கல்லில் தண்ணீர் ஊற்றினார், ஆவி வந்தது, போனது, மறுபடி ஊற்றினார்.

"முன்ன ரெண்டு பேரும் சேந்து நிப்பீங்க இல்ல?"

"எங்க?"

"சிங்குகிட்ட."

"ஆமா."

"இப்ப?"

அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். "எம் பொண்டாட்டி போனப்புறம் நான் ஒரே தட்டுதான் வெச்சிருக்கேன். அதைத் துடைக்கிறதும் இல்ல," என்றார். ரைமோ இவ்வளவு நீளமாகப் பேசியதில் இருவருக்குமே வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா, எனக்கு மண்டையில் அடித்தாற்போல் உறைத்தது! உலகத்திலேயே நல்ல அலமாரியை மாட்டி, என் வீட்டின் நல்ல நேரத்தை நானே அடைத்துவிட்டேன். லினன் துணி மட்டும் என்ன சாதாரணப் பொருளா? ஒரே துடைப்பில் கண்ணாடி பாடும், தோய்க்கத் தோய்க்க மிருதுவாகும், ஈரமாகும், காயும், மறுபடி வேலைக்கு வரும், குறையே சொல்லாது. அதைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, விருந்தாளி யார் வரணும், ஜனாதிபதியா? ஆகவே நேற்று பச்சைக் கதவின் கைப்பிடிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டேன். இன்று காலை ஐரா சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் போயிருக்கிறாள். எங்கே என்றால் "உம்". திரும்பி வருவாள், துணியோடு நான் சிங்குக்குப் பக்கத்தில் நிற்பேன், எதுவும் பேச மாட்டேன். இதுதான் என் திட்டம், அக்கா, சிரிக்காதீர்கள்.

துணிகளை விரைவுத் தபாலில் அனுப்பவும். தங்கள் முழங்கால் படியேறும் வலிமை பெறட்டும், ஏரியில் மீன் தானாக வந்து வலையில் ஏறட்டும், கூரைப் பறவைகள் இந்த வருஷமாவது காலி செய்யட்டும். திருநாளுக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள், கல்யாணம் இருக்கும் என்று நம்புகிறேன்.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தவேத்தி

பின்குறிப்பு: நான் தபால் தலை தேடிக்கொண்டிருந்தபோது ஐரா வந்து, மேசையில் கிடந்த இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வாய் நிறையப் பல்லோடு! ரைமோவின் உப்பு மிட்டாயைக் கடித்ததில் முன்பல் பாதி உடைந்துபோனதாம். பல் மருத்துவர் இன்றுதான் புதுசு கட்டி முடித்தாராம்.

"கல்யாணத்துக்கு முந்தி பொக்கை வாயோட உங்க முன்னாடி பேசுவேனா?" என்கிறாள்.

"அப்ப, தட்டு துடைக்காததால இல்லையா?"

"வருஷக்கணக்கா நான் அந்த அலமாரிக்கு ஏங்கிட்டு இருந்தேன். மக மனசு நோகும்னு சும்மா இருந்தேன். முதல்ல அந்தக் கயித்த அவுருங்க!"

"சிங்குகிட்ட நின்னு பேசுனது?"

"பக்கத்துல நிக்கிறதுக்குத் தட்டுதான் சாக்கா வேணுமா? நாற்காலிய பால்கனில போடுங்க."

ஆகவே, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். துணிகள் பூட்டிலேயே இருக்கட்டும், கம்பித் தட்டிகளை உடனே அனுப்புங்கள், எல்லாவற்றையும். ரைமோவுக்கும் ஒரு அலமாரி பார்த்துவிட்டோம், இன்னொரு தட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறோம். இப்போது நிறுத்துகிறேன். ஐரா பால்கனியில் ஏதோ கதை ஆரம்பித்துவிட்டாள், நான் இல்லாமலே பாதிக் கதைக்கு வந்துவிட்டாள்.