காணாமல் போன முக்காலியும் உங்கள் தங்கையும்

பாரோ

மதிப்பிற்குரிய மச்சான் தெந்தூப் அவர்களுக்கு, தங்கள் வீட்டு மாப்பிள்ளை கின்லே பணிவுடன் எழுதுவது. நானும் தங்கள் தங்கை யாங்தெனும் நலம். ஹா பள்ளத்தாக்கில் தாங்களும் யாக் மாடுகளும் நலமாக இருக்க புத்த, தர்ம, சங்கம் என்னும் மும்மணிகளை வேண்டுகிறேன்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் மூங்கில் தடுப்பை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவன் சும்மா இருந்திருக்கலாம். மேல் மடத்துப் பிக்குணி அனி லாதெனிடம் போய், புத்தர் சொன்ன சூன்யம் என்றால் என்னவென்று கேட்டுத் தொலைத்தேன். "வீட்ல இருக்கிற சாமான் ஒண்ணை எடுத்து, அதோட எந்தப் பாகத்துல அது இருக்குன்னு தேடுங்க" என்றார். முக்காலியைத் தேடினேன். கால் முக்காலியில்லை, பலகை முக்காலியில்லை, ஆணியும் இல்லை. அப்படியே தேடிக்கொண்டிருந்தபோது ஒரு காலை உட்காரப் போனால் நிஜமாகவே அங்கே ஒன்றுமில்லை, தரையில் விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. யாங்தெனோ அதே இடத்தில் உட்கார்ந்து மிளகாய் கிள்ளுகிறாள்! மறுநாள் கதவைத் தேடினேன். பலகையும் கீலும் தெரிந்தன, வெளியே போக வழி தெரியவில்லை. நண்பகல் வரை உள்ளேயே நின்றேன்.

அதோடு விட்டேனா? நேற்று முன்தினம் யாங்தென் "கின்லே!" என்று கூப்பிட்டாள். சரி, கின்லே எங்கே என்று தேடினேன். முழங்கால் கின்லேயில்லை, அதிலுள்ள வலியும் இல்லை. அவள் அறைக்குள் வந்தாள், என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். "இந்த மனுஷன் எங்க போய்த் தொலைஞ்சாரு?" என்று நாயிடம் கேட்டாள். அதுவும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை. மச்சான், அந்தப் பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மிளகாய்க் கூடையை எடுக்க அவள் குனிந்தபோது கையை எட்டிப் பிடித்தேன். அவள் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. "இங்கதான் இருக்கீங்களா! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தை மாதிரி அழுதேன்.

ஓடிப்போய் அனியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சூன்யம்னா இல்லைன்னு யாரு சொன்னா? எதுவும் தனியா நிக்கிறதில்ல, அவ்வளவுதான். அவங்க தேடினாங்க, நீங்க இருந்தீங்க." மனசு லேசாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. அவளும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்படி ஒருத்தியைத் தந்த தங்கள் குலம் நீடூழி வாழ்க.

தங்கள் அன்புள்ள,
கின்லே

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது யாங்தென் வாசலில் பையோடு ஹா பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். "ஒரு வாரமா அண்ணன் வீட்ல இருந்தேன். சொல்லிட்டுத்தானே போனேன், தலையாட்டினீங்களே!" என்று திட்டிக்கொண்டே இதை என் தோளுக்கு மேல் படிக்கிறாள். திட்டைப் பாதியில் நிறுத்தி உள்ளே திரும்பிப் பார்க்கிறாள். சமையலறையில் வெண்ணெய்த் தேநீர் கடையும் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்கிறது. "கின்லே, டீ ரெடி" என்று இவள் குரலிலேயே உள்ளிருந்து அழைப்பும் வந்துவிட்டது. மச்சான், அடுத்த பஸ்ஸிலேயே வந்து தங்கள் தங்கை யாரென்று அடையாளம் காட்டவும்.